கையைக் கண்டாலே பாயும் முயல்

கேள்வி: ஐந்து மாதப் பெண் முயல் வளர்க்கிறோம். வந்து மூன்று வாரமாகிறது. கூண்டுக்குள் கை விட்டால் உறுமிக்கொண்டு பாய்கிறது. தூக்கினால் உதைத்துப் பிராண்டுகிறது. நகம் வெட்டக்கூட முடியவில்லை. எப்படிப் பழக்குவது?

பதில்: இரண்டு வாரத்துக்குத் தூக்குவதை அடியோடு நிறுத்துங்கள். வெளியில் முயலைத் தரையிலிருந்து தூக்குவது பருந்தும் நரியும்தான். எனவே உங்கள் முயல் உதைப்பது கோபத்தில் அல்ல, உயிர் பயத்தில். முயலுக்கு எலும்பு லேசு, பின்னங்கால் தசையோ பலம். பின்புறத்தைத் தாங்காமல் பிடித்திருக்கும்போது ஓங்கி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம்.

கூண்டுக்குள் பாய்வது வேறு விஷயம். இது பருவமடையும் வயது. தன் இடத்துக்குள் யார் நுழைந்தாலும் விரட்டும். கதவைத் திறந்து வையுங்கள், அது வெளியே வந்தபின் சுத்தம் செய்யுங்கள். கருத்தடை அறுவைக்குப் பிறகு இந்த மூர்க்கம் பெரும்பாலும் தணியும். முயலைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

பழக்குவதைத் தரையிலிருந்து தொடங்குங்கள். அதிகாலையிலும் அந்தியிலும்தான் முயல் சுறுசுறுப்பாக இருக்கும். அப்போது வழுக்காத விரிப்பில் கால் நீட்டி, பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தொடை மேல் ஒரு கொத்தமல்லி இலை இருக்கட்டும். அதுவாக வரும், மோந்து பார்க்கும், மேலே ஏறும். அப்போதும் தொடாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம்!

மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது முயலுக்குத் தெரியாது. முன்னாலிருந்து கையை நீட்டினால் மிரளும். பக்கவாட்டில், தாழ்வாகக் கொண்டுவந்து, நெற்றியிலிருந்து காதடி வரை இரு விரலால் தடவுங்கள். மூன்று தடவலோடு நிறுத்துங்கள். தலையைத் தரையோடு தாழ்த்தினால் இன்னும் வேண்டுமாம். காது முதுகோடு ஒட்டி உடம்பு இறுகினால் விலகிவிடுங்கள். மோவாய், வயிறு, பாதம் இப்போதைக்கு வேண்டாம்.

தடவலுக்கு இணங்கியபின், ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சடியில் சில நொடி வைத்து எடுத்து, இலை கொடுங்கள். அது பழகியதும் மறு கையால் பின்புறத்தைத் தாங்குங்கள். பிறகு ஓர் அங்குலம் உயர்த்தி, அது உதைக்குமுன் இறக்குங்கள். உதைத்தபின் விட்டால், உதைத்தால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். இறக்கும்போதுதான் அதிகம் அடிபடும். தரையைக் கண்டதும் குதிக்கப் பார்க்கும். மண்டியிட்டு, நான்கு பாதமும் பதிந்தபின் கையை எடுங்கள்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடப்பது சுகத்தில் அல்ல, பயத்தில் உறைந்துபோய்.

நகத்துக்கு, துண்டால் சுற்றித் தரையிலேயே ஒருவர் அணைத்துக்கொள்ள, மற்றவர் வெட்டட்டும். ஒரு நாளைக்கு இரண்டு நகம் போதும். உள்ளே தெரியும் ரத்த நரம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகமென்றால் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் தெரியும்.

சில முயல்கள் கடைசிவரை தூக்கவே விடாது. அவற்றை இலை காட்டிப் பயணப் பெட்டிக்குள் தானாக நுழையப் பழக்கிவிடுங்கள். மருத்துவரிடம் போக அது போதும்.