ஆப்ஷன் டிரேடிங்கில் கட்டுப்பாடு இருந்தால் நஷ்டம் வராதா?

"கட்டுப்பாடு இருந்தால் ஆப்ஷனில் சம்பாதிக்கலாம் என்கிறார்களே, சூதாடும் மனதை எப்படி அடக்குவது?" என்பது கேள்வி. (ஆப்ஷன் என்றால், பங்கின் விலையோ குறியீடோ குறிப்பிட்ட நாளுக்குள் எங்கே போகும் என்று பணம் போடும் ஒப்பந்தம்.)

முதல் பாதியை நான் நம்புவதில்லை. கட்டுப்பாடு நஷ்டத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், லாபம் தராது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுக் கணக்கை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி வெளியிட்டது. எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை பேருமா கட்டுப்பாடு இல்லாதவர்கள்? (கோர்ஸ் விற்பவர்களுக்கு இது வசதியான பேச்சு. ஜெயித்தால் அவர் சொல்லிக்கொடுத்தது, தோற்றால் உங்கள் மனசு சரியில்லை.)

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூலை பிறந்தால் ஐடிஆர்-3 (வியாபார வருமானம் உள்ளவர்களின் வருமான வரி ரிட்டர்ன்) போட இவர்களுடைய டிரேடு புக் மேஜைக்கு வந்துவிடும். ஆர்டர் போன நேரம் நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். காலையில் ஒரு லாட் (ஒரு தடவைக்குக் குறைந்தபட்சம் வாங்க வேண்டிய அளவு), நஷ்டம். கால் மணி நேரத்தில் இரண்டு லாட். அப்புறம் நான்கு. எக்ஸ்பைரி நாள், அதாவது ஒப்பந்தம் முடியும் நாள் என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல், நாலு ரூபாய்க்கு விழுந்து கிடக்கும் ஆப்ஷனை அள்ளியிருப்பார்கள்; மூன்றரைக்குள் அது பூஜ்யம். புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி தனி. பார்த்தாலே தெரியும், காலையில் போட்ட ஆர்டர்தான் யோசித்துப் போட்டது. மற்றதெல்லாம் விட்டதைப் பிடிக்கப் போட்டது.

இதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். உறுதியாக 3000 கிடைக்கும், அல்லது 4000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு. எது வேண்டும் என்று கேட்டால் 80 சதவீதம் பேர் கைக்கு வந்த 3000 போதும் என்றார்கள். அதையே நஷ்டமாக மாற்றி, உறுதியாக 3000 போகும், அல்லது 4000 போக 80 சதவீத வாய்ப்பு என்றபோது 92 சதவீதம் பேர் துணிந்து சூதைத் தேர்ந்தெடுத்தார்கள். லாபத்தில் பயந்தாங்கொள்ளியாக இருக்கும் அதே ஆள் நஷ்டத்தில் சூரப்புலி ஆகிறார். "விட்ட இடத்தில்தான் பிடிக்கணும்" என்று சொல்வது இந்த ஆள்தான். செபி கணக்கிலும் நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே நஷ்டம் கண்ணெதிரே ஓடும்போது மனதை அடக்கும் வித்தை எதையும் தேடாதீர்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் வேலையே உங்களிடம் இருக்கக் கூடாது. சந்தை மூடிய பிறகு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, டிரேடிங் கணக்கிலுள்ள பணத்தை வங்கிக்கு மாற்றுங்கள். சம்பளக் கணக்கை அதோடு இணைக்காதீர்கள். சில புரோக்கர் செயலிகளில் கில் ஸ்விட்ச் இருக்கிறது. போட்டால் பல மணி நேரம் அந்தப் பிரிவில் ஆர்டர் போகாது. என்னைக் கேட்டால், எஃப் அண்ட் ஓ பிரிவையே மூடச் சொல்லி எழுதிக்கொடுப்பது நல்லது. கடன் வாங்கி ஆடும் கட்டம் வந்துவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

அப்புறம் ஒன்று. வெட்கப்பட்டுக்கொண்டு நஷ்டத்தை மறைக்காமல், கெடு தேதிக்குள் ரிட்டர்னில் காட்டிவிடுங்கள். எட்டு ஆண்டுகள் வரை பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.