மருத்துவர் பதில்கள்: தடைக்காலம் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. பாம்பன் அருகே கடலில் பாசி எடுக்கும் தொழில் செய்கிறேன். இடது மார்பில் இருந்த கட்டியை ஊசி வைத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. மதுரை அரசு மருத்துவமனையில் முதலில் கீமோ கொடுத்துவிட்டுப் பிறகுதான் அறுவை சிகிச்சை என்கிறார்கள். அப்படியென்றால் நோய் முற்றிவிட்டதா? ஊசி குத்தியதால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதும் பயமாக இருக்கிறது. கணவர் இராமேஸ்வரம் விசைப்படகில் வாரம் மூன்று நாள் கூலிக்குப் போகிறார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடை தொடங்கினால் அவர் கரையில் இருப்பார் என்பதால், அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? சிகிச்சையின்போது பாசி எடுக்கப் போகலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்)

பதில்: சகோதரி, தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் கடிதம் எழுதியிருப்பது தை மாதத்தில். தடைக்காலத்துக்கு இன்னும் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. ஸ்கேன், இதயத்துக்கான எக்கோ, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்காக இரண்டு மூன்று வாரம் செல்வதால் கெடுதல் இல்லை. அந்தப் பரிசோதனைகளை முடிக்காமல் அவசரப்பட்டுத் தொடங்குவதுதான் தவறு. ஆனால் மூன்று மாதம் சும்மா விட்டுவைத்தால், இன்று குணப்படுத்தக்கூடிய நிலையில் இருக்கும் நோய் அந்த நிலையைத் தாண்டிவிடக்கூடும்.

தவிர, தடைக்காலம் 61 நாள்தான். உங்கள் சிகிச்சை அதற்குள் அடங்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று கொடுக்கும் கீமோவே பெரும்பாலும் ஐந்தாறு மாதம் நீளும். அதன் பிறகு அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் மூன்று முதல் ஐந்து வாரம் கதிர்வீச்சு. எனவே கணவர் எப்போது கரையில் இருப்பார் என்று கணக்கிடுவதைவிட, எந்தெந்த நாளில் துணை கட்டாயம் வேண்டும் என்று கணக்கிடுங்கள். கீமோ ஏற்றும் நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் ஒருவர் உடனிருந்தால் போதும். அவர் கடலுக்குப் போகாத கிழமையில் தேதி தரும்படி மருத்துவமனையில் தயங்காமல் கேளுங்கள். பல நேரங்களில் மாற்றித் தருவார்கள். கதிர்வீச்சு மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும் என்பதால், அந்த வாரங்களில் மதுரையில் தங்குவதற்கு இப்போதே வழி பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ என்றதும் நோய் கைமீறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டியைச் சுருக்கினால், மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்புக் கிடைக்கலாம். உங்கள் நோய்க்கு அந்த மருந்து வேலை செய்கிறதா என்பதையும் கட்டி சுருங்குவதைக் கொண்டு கண்ணால் பார்த்தே அறியலாம். முதலிலேயே கட்டியை எடுத்துவிட்டால் அந்த வழி இல்லை. சில வகைப் புற்றுநோய்களில் இதுவே உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. ஊசிப் பரிசோதனையால் நோய் பரவிவிடும் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தச் சோதனை இல்லாமல் எந்த மருந்து என்று முடிவு செய்யவே முடியாது.

அந்தச் சோதனை அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி (பெண் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள்), ஹெர்-2 (கட்டி வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்று மூன்று குறிப்புகள் இருக்கும். முதல் இரண்டில் ஒன்றாவது பாசிட்டிவ் என்றால், மற்ற சிகிச்சைகள் முடிந்த பிறகு குறைந்தது ஐந்து ஆண்டு மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே உள்ள ஊசி மருந்து பெரும்பாலும் ஓராண்டு தொடரும். மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோதான் முக்கிய ஆயுதம். உங்கள் தெருவில் வேறொருவருக்கு மாத்திரையோடு முடிந்தது, உங்களுக்கு ஏன் கீமோ என்ற கேள்விக்குப் பதில் இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது.

கீமோ அறையில் சிவப்பு நிற மருந்தைப் பார்த்தால் பதற வேண்டாம். அது ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும்; அது இரத்தம் அல்ல. அந்த மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வலியோ தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வாந்திக்கு முன்கூட்டியே மருந்து தருவார்கள். அதை வீட்டிலும் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தலைவாரும்போது முடி கொத்தாகக் கையோடு வரும். எவ்வளவு தைரியசாலியும் அன்று அழுதுவிடுவார். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் வளரும்.

நான் அதிகம் அஞ்சுவது காய்ச்சலுக்குத்தான். கீமோ ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல், நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். அங்கே முதல் வார்த்தையாக, ‘எனக்குக் கீமோ நடக்கிறது’ என்று சொல்லுங்கள்.

பாசி எடுக்கப் போகக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு நீங்கள் பாறையைத் தடவும்போது சிராய்ப்பும் கீறலும் தவிர்க்க முடியாதவை என்பது உங்களுக்கே தெரியும். மற்ற நாட்களில் தானாக ஆறிவிடும் அந்தக் கீறல் வழியே, கடல்நீரில் உள்ள கிருமிகள் புகுந்தால் இப்போது உடல் எதிர்த்து நிற்காது. அறுவை சிகிச்சையில் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) அகற்றினால் அந்தக் கை வீங்கும் வாய்ப்பு பிறகும் இருக்கும். வெட்டுக்காயம் அதைத் தூண்டும். சிகிச்சை முடிந்து தொழிலுக்குத் திரும்புவதைப் பற்றி அறுவை சிகிச்சை மருத்துவரிடம் பேசி, கைக்கான பயிற்சிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருமானம் நின்றுபோகும் நேரத்தில் செலவு வருவது எவ்வளவு பாரம் என்பதை அறிவேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்; புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால், பரிசோதனைகள் நடக்கும் இந்த வாரங்களிலேயே வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையொப்பம் பெற வேண்டும்.

மீனை நிறுத்த வேண்டாம். பத்தியம் என்ற பெயரில் கஞ்சியை மட்டும் குடித்து உடல் தேய்ந்து, அதனாலேயே அடுத்த கீமோ தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக வெந்த மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம்.

கேள்வி: 61 வயதான என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய். நோயின் பெயரை அவரிடம் சொல்லக் கூடாது என்று தாய்மாமா கண்டிப்பாகச் சொல்கிறார். என்ன செய்வது?
(வாசகர், தொண்டி)

பதில்: உங்கள் மாமா அக்காவின் மீதுள்ள பாசத்தால்தான் சொல்கிறார். ஆனால் புற்றுநோய்ப் பிரிவின் வரிசையில், தலையில் துணி சுற்றிய பெண்கள் நடுவே அமர்ந்த அரை மணி நேரத்தில் உங்கள் தாயார் புரிந்துகொள்வார். அப்போது அந்தப் பயத்தைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் போகும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவரும், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ‘ரிப்போர்ட் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அம்மா?’ என்று முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். வேண்டும் என்றால், முதல் கீமோ தேதிக்கு முன்பே, மாமாவையும் அருகில் வைத்துக்கொண்டு, மருத்துவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். குணமாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் அதே அமர்வில் அவர் விளக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.