டீன் பதவி இருக்கட்டும், அந்தப் பட்டா என்ன ஆயிற்று?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் 24 ஆண்டுகளாகப் பொது நிர்வாகவியல் கற்பிக்கிறேன். பேராசிரியராகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது டீன் பொறுப்பு தேடி வருகிறது. ஏற்றால்தான் நாளை துணைவேந்தராக வழி பிறக்கும். மனைவியோ, “இப்போதே உங்களை வீட்டில் பார்க்க முடியவில்லை” என்கிறார். உண்மைதான். அப்பா இறந்து நான்கு வருடமாகியும் நிலத்தின் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கிறது. ஊரில் அம்மாதான் தாலுகா ஆபீசுக்கு அலைகிறார். அதற்குக்கூட எனக்கு நேரமில்லை. டீன் பொறுப்பை ஏற்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத பேராசிரியர்

பதில்: துணைவேந்தர் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் கேட்கின்றன. டீனாக இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. துணைவேந்தர் பெயரைப் பரிந்துரைக்கும் தேடல் குழு நிர்வாக அனுபவத்தைப் பார்க்கும், சரி. அதற்கு உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

போகிற போக்கில் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1980இல் பழைய கிராம அதிகாரிகளான கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களை (வி.ஏ.ஓ.) கொண்டுவந்த வரலாற்றை வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பீர்கள்! அந்த அலுவலரின் மேசைக்கு முன்னால்தான் உங்கள் அம்மா நான்கு வருடமாக நிற்கிறார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பம், வி.ஏ.ஓ. விசாரணை, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர். மனு எந்த இடத்தில் நின்றுபோனது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அப்பாவின் வாரிசுகளில் நீங்களும் ஒருவர்தானே? பட்டா அம்மா பெயருக்கு மட்டும் மாற வேண்டுமென்றால், பிள்ளைகள் பதிவு அலுவலகத்துக்குப் போய் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நீங்கள் போடாத கையெழுத்துதான் அம்மாவை அலையவைக்கிறதோ என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? யோசித்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

எனக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. பெற்றவளை அரசாங்க அலுவலக வாசலில் தனியாக நிற்கவிட்டுவிட்டு, அதே அரசாங்கம் எப்படி இயங்க வேண்டும் என்று ஊருக்குப் பாடம் சொல்வது தவறு. நேரமில்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். செனட் கூட்டத்துக்கு நேரம் கிடைத்திருக்கும், கருத்தரங்குக்கு நேரம் கிடைத்திருக்கும். மனைவியின் வருத்தமும் இதேதான். அவர் பதவியை எதிர்க்கவில்லை, நீங்கள் குடும்பத்தைக் கைவிட்டதைச் சொல்கிறார்.

இந்த வாரமே விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள். அம்மாவின் பையில் இருக்கும் காகிதங்களை வரிசைப்படுத்துங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். தாலுகா ஆபீசில் விசிட்டிங் கார்டை நீட்டி வரிசையைத் தாண்டாதீர்கள். இன்னாருடைய மகன் என்று சொல்லி நில்லுங்கள். அப்புறமும் நகராவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அம்மாவோடு போய் மனு கொடுங்கள்.

டீன் பொறுப்பைப் பற்றி, பட்டா கைக்கு வந்த பிறகு உங்கள் மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்க வேண்டியதில்லை.