பிரேக் பேட் புதிது, ஆனாலும் இறம்பொடை இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போகிறது, ஏன்?

மூன்று மாதத்துக்கு முன்தான் முன் சக்கரங்களுக்குப் புது பேட் போட்டேன், இருந்தும் நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடி பேட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முதலில் பிரேக் ஒயிலைப் பாருங்கள்.

அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளில் எனக்கும் இதுதான் நடந்தது. லபுக்கலையிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். இறம்பொடை நெருங்கையில் பெடல் தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணித்தியாலத்தில் பெடல் பழையபடி இறுகிவிட்டது. ஆறிய பிறகு ஒரு குறையும் தெரியாது, அதுதான் இதில் பயங்கரம். கராஜில் கழற்றிப் பார்த்தால் பேட் பாதிக்கு மேல் மிச்சம். ஒயில் மட்டும் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. நாலு வருடமாக மாற்றவே இல்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் என்பது பிரேக் ஒயிலின் தர எண். புது டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும்; 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். டொட் 3 என்றால் 205, 140. நுவரெலியா 1,868 மீட்டர், கண்டி ஏறத்தாழ 500. அவ்வளவு உயரத்தையும் பேட்டைத் தேய்த்தே இறங்கினால் சூடு, பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் வழியாக ஒயிலுக்கு ஏறும். கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழி வரும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி அதிலேயே போய்விடும்.

காலையில் வண்டி ஆறியிருக்கும்போதே பெடல் பஞ்சாக இருந்தால் கதை வேறு: ஒயில் போகும் லைனில் காற்று, அல்லது எங்கோ கசிவு. அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம். இறங்கி முடித்ததும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், பேட் போட்டவர் காலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின்னைத் துடைத்து கிரீஸ் பூசாமல் விட்டிருக்கலாம். அந்த ஸ்லைட் பின் இறுகினால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசும், ஒயிலும் சீக்கிரம் கொதிக்கும்.

பிரேக் ஒயில் டாங்கியின் மூடியில் போட்டிருக்கிற டொட் எண்ணைப் பார்த்து, சீல் உடையாத டின்னாக வாங்குங்கள். கராஜில் திறந்து வைத்த மிச்சம் வேண்டாம். அந்த டாங்கியில் மேலால் ஊற்றி நிரப்பினால் போதாது; நாலு சக்கரத்திலும் ஒயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, தெளிவான ஒயில் வரும்வரை பழையதை வெளியே எடுக்க வேண்டும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், அரித்துவிடும். அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் என்றால் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனர் உள்ள இடத்திலேயே செய்யுங்கள். நான் இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

மாற்றும் வரைக்கும் அந்த இறக்கத்தில் போகாதீர்கள். மாற்றிய பிறகும், அந்த மலையை எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரிலேயே இறங்குங்கள்.