க்ரோன்ஸ் இருக்கற பிள்ளைக்கு வலி மருந்தும் வைட்டமினும் வாங்கறப்போ எதைப் பார்க்கணும்?

கேள்வி: அக்கா வணக்கம்ங்க. எங்க பையனுக்கு 9 வயசு, எடை 24 கிலோ. போன வருஷம் குடல்ல புண்ணு வர்ற க்ரோன்ஸ் நோய்னு கண்டுபிடிச்சாங்க, எதிர்ப்பு சக்தியை அடக்கற அசாதியோப்ரின் மாத்திரை போயிட்டிருக்கு. அடிக்கடி முட்டி வலி, தலைவலிங்கறான். தெருமுனை மெடிக்கல்ல கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சிரப் குடுக்கறாங்க. பையன் மெலிஞ்சுட்டான்னு மாமியார் வேற ஆன்லைன்ல விக்கற மிட்டாய் மாதிரி வைட்டமின் கம்மீஸ் வாங்கச் சொல்றாங்க. எதை நம்பி வாங்கறதுங்க? - ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா

பதில்: இனிமே மெடிக்கல்ல போய் "வலிக்கு சிரப் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. "வெறும் பாராசிட்டமால் மட்டும் இருக்கற சிரப்"னு கேளுங்க, குடுத்ததை பைல போடறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு லேபிள்ல பொடி எழுத்துல இருக்கற மருந்து பேரைப் படிங்க. முன்னாடி பெருசா போட்டிருக்கறது கம்பெனி வெச்ச பேரு, நமக்கு அது முக்கியமில்ல.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் இதெல்லாம் ஒரே ஜாதி மருந்து. வலியை உண்டாக்கற சுரப்பை அடக்கறப்போ குடலோட உள்பக்கத்தைக் காப்பாத்தற சுரப்பையும் சேத்து அடக்கிடும். ஏற்கனவே புண்ணா இருக்கற குடல்ல அது போய் விழுந்தா நோய் திரும்ப கிளம்பலாம், ரத்தம் கசியலாம். அதனால க்ரோன்ஸ் பிள்ளைங்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கத்தான் டாக்டருங்க சொல்வாங்க. நம்ம ஊர்ல காய்ச்சலுக்குன்னு சாதாரணமா வாங்கற மெஃப்டால்-பி சிரப்ல இருக்கறது மெஃபெனமிக் ஆசிட். காம்பிஃப்ளாம்ல பாராசிட்டமால் இருக்கு, கூடவே ஐபுப்ரோஃபெனும் இருக்கு. வயித்துவலின்னு சொன்னதும் எடுத்துக் குடுக்கற மெஃப்டால்-ஸ்பாஸ் மாத்திரைலயும் அதே மெஃபெனமிக் ஆசிட்தான். கால்பால், க்ரோசின் சிரப்ல வெறும் பாராசிட்டமால். நிமசுலைடு இருந்தா வேண்டவே வேண்டாம், 12 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2011லயே நம்ம நாட்டுல தடை போட்டாச்சு.

எங்க அண்ணன் பையனுக்கும் இதே நோய். ஒரு தடவை கால் வலிக்குதுன்னு நான்தான் போய் சிரப் வாங்கிட்டு வந்தேன், ரெண்டு நாள் குடுத்தோம், மூணாம் நாள் மலத்துல ரத்தம். அந்த சிரப்னாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா டாக்டர் பாட்டிலைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாத்துட்டு "முதல்ல இதை நிறுத்துங்கம்மா"ன்னாரு. ரெண்டாவது வரில ஐபுப்ரோஃபென்னு இருந்துச்சு, நான் படிக்கவே இல்ல. அன்னைல இருந்து லேபிள் படிக்காம எதையும் வாங்கறதில்ல.

இப்ப அளவு. பாராசிட்டமால் பொதுவா ஒரு தடவைக்கு கிலோவுக்கு 10ல இருந்து 15 மி.கி. உங்க பையன் 24 கிலோன்னா 240ல இருந்து 360 மி.கி.க்குள்ள வரும். 250ன்னு போட்ட சிரப்ல 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும், அதனால 5 மி.லி. போதும். 120ன்னு போட்டதுன்னா அதே அளவுக்கு 10 மி.லி. வேணும். கைக்குழந்தைக்கு விக்கற சொட்டு மருந்துல 1 மி.லி.லயே 100 மி.கி. இருக்கும், அதை சிரப்னு நினைச்சு 5 மி.லி. ஊத்திட்டா 500 மி.கி. உள்ள போயிடும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், கோடு போட்ட சிரிஞ்ச் வாங்கிக்கோங்க. குறைஞ்சது 4 மணிநேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல கூடாது. சளி சிரப் நிறையதுல பாராசிட்டமால் ஏற்கனவே கலந்திருக்கும், ரெண்டையும் சேத்து குடுத்துடாதீங்க. இந்தக் கணக்கை உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி சரின்னு வாங்கிக்கோங்க, ஏன்னா அசாதியோப்ரின் ஓடறப்போ கல்லீரலையும் கவனிக்கணும். அந்த மாத்திரை எடுக்கற பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா சிரப் குடுத்துட்டு காத்திருக்காம அன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க. வயித்துவலி கூடிட்டே போனாலோ, வாந்தி, வயிறு உப்பல், ரத்தம்னாலோ நேரா ஆஸ்பத்திரிதான்ங்க. முட்டி வலி அடிக்கடி வருதுங்கறீங்களே, அதையும் சொல்லுங்க, க்ரோன்ஸ்ல மூட்டும் பாதிக்கும்.

வைட்டமினுக்கு வருவோம். மாமியார் பாசத்துலதான் சொல்றாங்க, பையன் மெலிஞ்சா யாருக்குத்தான் மனசு தாங்கும். ஆனா பிளட் டெஸ்ட் பாக்காம வாங்காதீங்க. இந்த நோய்ல பொதுவா குறையறது இரும்பு, வைட்டமின் டி, பி12, ஃபோலிக் ஆசிட், ஜிங்க். பி12ஐ உடம்பு எடுத்துக்கறது சிறுகுடலோட கடைசிப் பகுதிலதான், க்ரோன்ஸ் ரொம்ப பேருக்கு உக்காற இடமும் அதுவேதான். அங்க புண்ணு இருந்தா கம்மீஸ்ல வர்ற பி12 எவ்வளவு உடம்புல சேரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது, சில பிள்ளைங்களுக்கு ஊசிதான் போடுவாங்க. கம்மீஸ்ல நிறையதுல இரும்பே இருக்காது. சர்க்கரை இல்லாததுன்னு விக்கறதுல சர்க்கரைக்குப் பதிலா போடற சார்பிட்டால், மால்டிட்டால் இருக்கான்னு பாருங்க, அது நல்ல வயித்தையே கலக்கும், இவனுக்குக் கேக்கவே வேண்டாம். டப்பால எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுத் தர ஆணையம்) நம்பரும் மருந்தா பயன்படுத்தறதுக்கு இல்லைங்கற வரியும் இருந்தா அது உணவு கணக்குல விக்கற பொருள், டாக்டர் எழுதற மருந்துக்கு அது ஈடு கிடையாது.

வைட்டமின் டி பொடி பாக்கெட் (சாஷே) 60,000 ஐ.யூ.ன்னு கடைல கிடைக்கும், ஐ.யூ.ங்கறது வைட்டமினை அளக்கற அலகு. ஒரு பிள்ளைக்கு நாளைக்குத் தேவை சுமார் 600, அப்ப ஒரு சாஷேங்கறது 100 நாள் கணக்கு. டாக்டர் வாரம் ஒண்ணுன்னு எழுதினா குடுங்க, அவர் சொன்ன வாரம் முடிஞ்சதும் நிறுத்திடுங்க. இரும்பு சிரப் குடுக்கறப்போ மலம் கருப்பா போகும், பயந்துடாதீங்க, ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தத்தோட போனா அது வேற, உடனே காட்டணும். பாலோட இரும்பைக் குடுக்காதீங்க, சேராது. நோய் உச்சத்துல இருக்கறப்போ இரும்பை ட்ரிப்ஸ்ல ஏத்தறதும் உண்டு. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்னு வர்ற பொடி, லேகியம் எதையும் கேக்காம குடுக்காதீங்க, அசாதியோப்ரின் குடுக்கறதே எதிர்ப்பு சக்தி குடலைத் தாக்கறதை அடக்கத்தான்.

வாங்கறப்போ பில் கட்டாயம் வாங்குங்க, அதுல பேட்ச் நம்பர் இருக்கணும். பாட்டில் தொறந்த தேதியை பேனாவுல எழுதி வைங்க.

இன்னொண்ணு, ஸ்கூல் ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டில என்ன மாத்திரை இருக்குன்னு போய்ப் பாருங்க. தலைவலின்னா அங்கயும் யாராவது கைக்குக் கிடைச்சதைக் குடுத்துடுவாங்க. ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக் கூடாதுன்னு டைரியோட முதல் பக்கத்துல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி கிளாஸ் மிஸ்கிட்ட காட்டிடுங்க, அதையே இன்னொரு தாள்ல எழுதி மாமியார் மருந்து டப்பா மூடி உள்பக்கமும் ஒட்டிடுங்க.