முதலில் டயர், அப்புறம் பல்: மணலில் குவாட் ஓட்டுகிறவர்களின் கேள்விகள்

வெயில் தணிந்து நவம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்துத் தமிழர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி மணலில் குவாட் (நான்கு சக்கர பைக்) ஓட்டுவதைப் பற்றித்தான். இந்த முறை டயர், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

யமஹா ராப்டர் 700 குவாட் வைத்திருக்கிறேன். பதாயர் பாலைவனத்தின் பெரிய மணல்மேட்டில் பாதிக்கு மேல் ஏறவில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். மாற்றலாமா? (அஜ்மான் வாசகர்)

கொஞ்சம் பொறுங்கள். நிற்கும்போது இன்ஜின் எப்படிச் சத்தம் போட்டது? அலறிக்கொண்டே இருந்து, பின்சக்கரம் குழி பறித்து உட்கார்ந்ததா? அப்படியானால் கோளாறு டயரில். சத்தம் படிப்படியாக இறங்கி, மூச்சு முட்டுவது போல அடங்கியதா? அப்போதுதான் ஸ்ப்ராக்கெட் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கம்பெனி பட்டன் டயர். மண் தரையில் அந்தப் பட்டன்கள் கடித்துப் பிடிக்கும். உலர்ந்த மணலில் கடிக்க ஒன்றுமில்லை, தோண்ட மட்டும்தான் செய்யும். இந்த நிலையில் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் இன்னும் வேகமாகத் தோண்டும், அவ்வளவுதான். மணலுக்கென்றே குறுக்கே ரப்பர் தகடுகள் வைத்த பேடில் டயரில் ஒவ்வொரு தகடும் படகுத் துடுப்பு மாதிரி மணலை அள்ளிப் பின்னால் தள்ளுகிறது. உங்கள் வண்டிக்கு 20 அங்குலத்தில் 8 தகடு போதும். அதைப் போட்டு இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி எழுதுங்கள். அநேகமாக ஸ்ப்ராக்கெட் பேச்சே வராது.

20 அங்குலமா, 22 அங்குலமா? தகடு எத்தனை? பெரியதுதான் நல்லது என்கிறார் நண்பர். வண்டி யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர் குவாட். (துபாய் வாசகர்)

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். டயரும் ஒரு கியர்தான். 20 அங்குலத்தைக் கழற்றி 22 போட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 10 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டில் 38 பல்லை ஏறக்குறைய 35 ஆகக் குறைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் ஆகும். ஸ்பேனரைத் தொடாமலே கியரை நீட்டிவிட்டீர்கள்.

தகடு எண்ணிக்கையும் அப்படித்தான். தகடு கூடினால் பிடிமானம் கூடும், கூடவே இன்ஜின் இழுக்க வேண்டிய சுமையும் கூடும். தகட்டின் உயரத்துக்கும் இது பொருந்தும். 450 இன்ஜினின் பலம் மேல் சுற்றில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுழலும்போது, இருக்கிறது. சுற்று இறங்கினால் பலமும் போய்விடும். 700 கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும், அதனால் 22ஐயும் 10 தகட்டையும் தாங்கிக்கொள்ளும். 250 வண்டி என்றால் 6 தகடுள்ள, எடை குறைந்த டயரே போதும்.

நானே இதைக் காசு கொடுத்துக் கற்றவன். 450 வைத்திருந்தபோது ஒரு கடையில் சொன்னதை நம்பி 22 அங்குலம், 10 தகடு போட்டேன். மூன்றாவது கியரில் ராஜா மாதிரி ஏறும். நான்காவதுக்கு மாற்றிய நொடியில் பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்து இழுத்தது போல நிற்கும். ஒரு சீசன் முழுக்க இன்ஜினைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் நண்பருடைய 20 அங்குலம் 8 தகட்டை மாட்டிப் பார்த்த அன்று நான்காவதிலேயே உச்சிக்குப் போய்விட்டது. இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: 20, 8.

பேடில் போட்டாயிற்று. இருந்தும் நான்காவது கியரில் திணறுகிறது. ஸ்ப்ராக்கெட்டை முன்னால் 13 பல்லாகப் போடவா, பின்னால் 40 பல்லாகப் போடவா? (ராஸ் அல் கைமா வாசகர், ராப்டர் 700)

இப்போது ஸ்ப்ராக்கெட் பேசலாம். கம்பெனி அளவு முன்னால் 14, பின்னால் 38. முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 8 சதவீத மாற்றம். 40 போட்டால் 5 சதவீதம்தான்.

சோதிக்க முதலில் 13ஐ மாட்டுங்கள். விலை குறைவு, வேலையும் சுலபம், பிடிக்கவில்லை என்றால் பழையதைத் திருப்பி மாட்டலாம். ஆனால் சின்னப் பல்லில் செயின் இறுக்கமாக வளையும், இரண்டும் சீக்கிரம் தேயும். அதனால் 13 உங்களுக்கு ஒத்துவந்தால், அடுத்த தடவை செயின் மாற்றும்போது முன்னால் 14ஐயே வைத்துக்கொண்டு பின்னால் 41 போட்டுவிடுங்கள். செயின் நீளம் அதற்குப் போதுமா என்று பார்த்து வாங்குங்கள்.

எது சரி என்று தெரிந்துகொள்ள வழக்கமாக ஏறும் மேடே போதும். மேட்டின் முக்கால் பங்கில் எந்த கியரில் இருக்கிறீர்கள், சுற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். அங்கே இன்னும் கொஞ்சம் இழுக்க மிச்சம் இருக்க வேண்டும். சமதளத்தில் ஐந்தாவதிலும் லிமிட்டர் (சுற்று எல்லை மீறாமல் இன்ஜினை அடக்குவது) உடனே தட்டினால் முன் பல்லை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். காலையில் பனி ஈரத்தில் மணல் கெட்டியாக இருக்கும், மதியம் அதே மேடு பொலபொலவென்று இருக்கும். ஆகவே ஒரே நேரத்தில் ஒப்பிட்டால்தான் கணக்கு நிற்கும்.

சுமார் 300 மீட்டர் உயரமுள்ள அபுதாபி லிவா பாலைவனத்தின் தல் மொரீப் மணல்மேட்டுக்குப் போகும் ஆசை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதாயருக்குச் சரியாக வைத்த பல் அங்கே போதாது. ஏறும் வழியில் இழுவை போய்விட்டால் வண்டி நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். வேகம் மிச்சமிருக்கும்போதே வளைத்துக் கீழ்முகமாகத் திருப்பிவிடுங்கள்.

பழைய பேடில் வாங்கினேன். எந்தப் பக்கம் மாட்டுவது? காற்று எவ்வளவு? (ஷார்ஜா வாசகர்)

டயரின் மேல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே தகட்டின் குழிந்த முகம் வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சுற்றிக் கீழே வரும்போது அதே குழிதான் மணலை அள்ளிப் பின்னால் தள்ளும். தலைகீழாக மாட்டினால் மணல் வழுக்கிக்கொண்டு போகும்.

காற்று 5 முதல் 7 பிஎஸ்ஐக்குள் வையுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. குவாட் டயருக்கென்றே உள்ள சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டயர் என்பதால் ஒவ்வொரு தகட்டின் அடியையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த ரப்பரில் முடி போன்ற வெடிப்புகள் முதலில் அந்த மடிப்பில்தான் வரும். ஓடும்போது ஒரு தகடு பிய்ந்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து.

முன் டயரையும் மாற்ற வேண்டுமா?

ஏறுவதற்குத் தேவையில்லை. திருப்புவதற்குத் தேவை. பட்டன் இல்லாமல், நடுவில் வரப்பு மாதிரி விளிம்பு ஓடும் டயர் மணலில் நன்றாகத் திருப்பும். பின்னால் பேடில் போட்டபின் வண்டி நேராகவே போக விரும்பும் என்பதால், கையில் காசு இருந்தால் போட்டுவிடுங்கள்.

என்னுடையது ஆட்டோமேட்டிக் 4x4 குவாட். பேடில் போடலாமா? (அல் ஐன் வாசகர்)

யோசித்துப் போடுங்கள். உங்கள் வண்டியில் மாற்றுவதற்கு ஸ்ப்ராக்கெட் கிடையாது, பெல்ட்தான். பெரிய பேடிலின் சுமையெல்லாம் அந்தப் பெல்ட்டில் விழும். மெதுவாக ஏறும்போது லோ கியரில் போடுங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் உடனே இறக்கத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். கம்பெனி டயரிலேயே காற்றை இறக்கிப் பார்த்தால் பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

செயின் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. எண்ணெய் நிறையத்தான் விடுகிறேன். (துபாய் வாசகர்)

அந்த எண்ணெய்தான் காரணம். நீங்கள் அனுப்பிய படத்தில் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்து கூராகிவிட்டன. செயினில் கறுப்புக் களி அப்பியிருக்கிறது. அதைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். எண்ணெயில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி அறுக்கிறது. ஓ-ரிங் செயினுக்கு (இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்தது) மணல் ஒட்டாத உலர் ஸ்ப்ரே போதும், அதையும் ஓட்டி முடித்துத் துடைத்தபின் அடியுங்கள். இப்போது செயினை மட்டும் மாற்றாதீர்கள். சாய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். முன், பின், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டி மெக்கானிக்கிடம் இருக்கும்போதே ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து, ஃபில்டருக்கு இன்ஜின் பக்கமுள்ள உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒரு மணல் துகள் தட்டுப்பட்டாலும் அந்த ஃபில்டரோடு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.