மெட்டமைக்க எந்த மென்பொருள்?

கேள்வி: பல ஆண்டுகள் கர்நாடக இசை பயின்றவள் நான். சில கவிதைகளுக்கு நானே மெட்டமைத்திருக்கிறேன். அவற்றை வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து, தம்புரா, மிருதங்கம், வயலின் சேர்த்து முழுப் பாடல்களாக்க விரும்புகிறேன். விண்டோஸ் லேப்டாப்பும் சிறிய கீபோர்டு ஒன்றும் இருக்கின்றன. கியூபேஸ், லாஜிக், எஃப்எல் ஸ்டூடியோ என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: லாஜிக் ப்ரோ விண்டோஸில் இயங்காது; ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே உரியது என்பதால் அதை விட்டுவிடலாம். மற்றவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், உங்கள் மெட்டு விரலில் பிறக்கிறதா, குரலில் பிறக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். எஃப்எல் ஸ்டூடியோ 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தாளத் துண்டுகளை அடுக்கும் கருவியாகத் தொடங்கியது. இன்றும் அதன் பலம் அதுவே. அதன் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில், பாடியதைப் பதிந்து டிராக்குகளாக அடுக்கும் வசதி நெடுங்காலம் இல்லை என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் அறிந்தார்கள். கியூபேஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் முழுப் பதிப்பின் விலை தொடக்கத்திலேயே தேவையில்லாத சுமை.

பாடிப் பதிபவரான உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ரீப்பர். ஒரு காலத்தில் நாம் பாட்டுக் கேட்கப் பயன்படுத்திய விண்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் உருவாக்கினார். எல்லா வசதிகளுடனும் 60 நாட்கள் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர் உரிமத்தின் விலை 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் தடுமாறாமல் ஓடும். இதன் குறை, வாத்திய ஒலிகள் மிகக் குறைவாகவே உடன் வருவது. ஆனால் நீங்கள் கேட்கும் மூன்று வாத்தியங்களையும் கலைஞர்களே வாசித்துப் பதிவதுதான் அழகு என்பதால், அது உங்களைப் பெரிதாகப் பாதிக்காது.

இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம். கீபோர்டின் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு நிலையான சுரம் மட்டுமே வரும்; தோடி ராகத்தின் காந்தார சுரமோ அசைவினாலேயே உயிர்பெறுவது. அந்த அசைவைத் திரையில் கோடுகளாக வரைந்து உருவாக்க முடியும் என்றாலும், ஒரு வரிக்கே பல மணி நேரம் செலவழித்த பின்னும் பெரும்பாலும் அது பாடியதுபோல் ஒலிப்பதில்லை. எனவே கீபோர்டைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டு மெட்டைப் பாடியே பதியுங்கள்.

புதிய கோப்பைத் திறந்ததும் சுருதியை முடிவுசெய்யுங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் மேற்கத்திய முறையில் ஜி ஷார்ப். தம்புராவை முதலில் பதிந்து, அதன்மேல் பாடுங்கள். பிறகு சுருதியை மாற்றினால் குரலின் இயல்பு கெடும். தாள அளவு வழக்கமாக நான்குக்கு நான்காகவே இருக்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளப் பாடலென்றால் அதை ஏழுக்கு எட்டு என்று மாற்றாவிட்டால், தாளம் காட்டும் கிளிக் ஒலி உங்கள் தாளத்தோடு ஒட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மென்பொருளில் மிச்சமாகும் பணத்தை, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் நல்ல மைக்குக்கும் செலவிடுங்கள். பாடும்போது உங்கள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்டால், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் அளவை 128 சாம்பிளாகக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) அதனால் வரும் தாமதம் 3 மில்லி விநாடிக்கும் குறைவு. 1024 என்றால் 21 மில்லி விநாடியைத் தாண்டும். பாடுகிறவரின் காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தின் சீரை, குலைக்க அதுவே போதும்.

வயலின் கலைஞர் வேறு ஊரில், வேறு மென்பொருளில் பதிந்தாலும் கவலை வேண்டாம். தம்புராவையும் உங்கள் குரலையும் வேவ் கோப்புகளாக அனுப்பி, அவர் வாசித்ததையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். ரீப்பரில் போட்டதும் அது தன் இடத்தில் சரியாகப் பொருந்திவிடும்.